‘ஆண்ட்-மேன்’ படத்துக்குத் தோட்டத்து மண்டபம் எங்கே சிரிக்கும், எங்கே அமைதியாகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயா என்ற பொது மண்டபத்திலோ படம் போட்டு, பார்த்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதி வைக்க நினைக்கும் இளைஞர் குழுக்களுக்காகவும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்காகவும் இந்தப் பக்கம். எடுத்துக்காட்டாக வைத்திருப்பது 2015இல் வந்த ‘ஆண்ட்-மேன்’.

கதை சுருக்கம் இதுதான். ஸ்காட் லாங் திருடி ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவன். மகள் கேஸியைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை வேண்டும், வீடு வேண்டும், பிள்ளைச் செலவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஹேங்க் பிம் என்ற வயதான விஞ்ஞானி, ஆளை எறும்பளவு சுருக்கும் உடையை அவனிடம் கொடுத்து, டேரன் கிராஸ் என்ற தன் பழைய சீடன் செய்த ஆபத்தான உடையை ஹேங்கே தொடங்கிய கம்பெனியிலிருந்து திருடி வரச் சொல்கிறார். சூப்பர் ஹீரோ உடை போட்ட திருட்டுப் படம்.

இத்தனை சூப்பர் ஹீரோ படங்கள் இருக்க, இதை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

இதில் உலகம் அழிவதில்லை. ஒரு வீடு, ஒரு கம்பெனி, ஒரு சின்னப் பிள்ளையின் படுக்கையறை, அவ்வளவுதான் களம். பெரிய சண்டை நடக்கும் இடமே பொம்மை ரயில் தண்டவாளம். இங்கிலீஷ் வசனம் பிடிபடாத ஆயாவுக்கும் கண்ணாலேயே புரிந்துவிடும் நகைச்சுவை இதில் அதிகம். 117 நிமிடம்தான், இரவு 8 மணிக்குத் தொடங்கினால் பத்து நிமிட இடைவேளை விட்டாலும் 10.10க்குள் முடிந்துவிடும். மறுநாள் விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, எறும்பு நமக்குத் தெரிந்த பிராணி. பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்களுக்கு எறும்புக் கடி புதிதல்ல. திரையில் எறும்புக் கூட்டம் வந்தவுடன் பெரியவர்கள் காலை மேலே தூக்கி உட்காருவதைப் பார்க்கலாம். அதுவும் ஓர் எதிர்வினைதான், குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் கணக்கையோ டிவிடியையோ மண்டபத்தில் போடலாமா?

கூடாது. சந்தாவும் வட்டும் வீட்டுப் பார்வைக்கு மட்டும். பொது இடத்தில், இலவசமாகக் காட்டினாலும், உரிமையாளரிடமோ அவர்களுடைய விநியோகஸ்தரிடமோ பொதுத் திரையிடல் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டமும் இதில் வருகின்றன. கோயில் நிர்வாகத்தில் சொல்லிவிட்டோம் என்பது இதற்கு ஈடாகாது. அனுமதி கிடைக்காவிட்டால் ஈப்போ தியேட்டருக்குக் குழுவாகப் போய்வரும் எந்தப் படத்துக்கும் கீழே சொல்லும் குறிப்பு முறை அப்படியே பொருந்தும். தியேட்டரில் ஒலிப்பதிவு மட்டும் செய்யாதீர்கள், தாளும் பென்சிலும் போதும்.

சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா? திருட்டை நல்லதாகக் காட்டுகிறதே?

திருட்டைவிட வேறு இரண்டு இடங்களைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிராஸ் ஒருவரைக் கழிவறையில் வைத்துச் சுருக்கும் ஆயுதத்தால் சுட, அவர் ஒரு சொட்டுக் கூழாகிவிடுகிறார். இன்னொரு காட்சியில் சோதனைக்கு வைத்த ஆட்டுக்குட்டிக்கும் அதே கதி. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிக்குத்தான் அதிகம் கலங்குவார்கள். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை அம்மா அப்பா பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது, முன்பாயில் விடாதீர்கள். சில கெட்ட வார்த்தைகளும் வருகின்றன.

திருட்டைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் இந்தப் படம் ஜெயிலுக்குப் போனதன் விலையை மறைக்கவில்லை. ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தவனை, பழைய வழக்கு தெரிந்ததும் முதலாளி அனுப்பிவிடுகிறார். முதலாளி சிரித்துக்கொண்டே பேசுகிறார், காட்சியும் சிரிப்புக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் மண்டபத்தில் அங்கே எல்லாரும் சிரிக்கமாட்டார்கள். பையன் வழக்கில் மாட்டி வேலை கிடைக்காமல் திண்டாடும் வீடுகள் எல்லாப் பட்டணத்திலும் உண்டு. அந்த அமைதியைச் ‘சிரிப்பில்லை’ என்று எழுதினால் தப்பான குறிப்பாகிவிடும்.

மண்டபத்தில் படம் சரியாகத் தெரியவும் கேட்கவும் என்ன ஏற்பாடு வேண்டும்?

பார்வையாளர் எதிர்வினையைப் பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வசனம் கேட்காத கூட்டம் சிரிக்காது. பிறகு ‘நம்ம ஆளுங்களுக்கு இந்தப் படம் பிடிக்கலை’ என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தப்பான முடிவுகளில் பாதி ஒலிபெருக்கி செய்த வேலை.

இந்தப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.85க்கு 1. உயரமும் அகலமும் நெருங்கியிருப்பதால், சின்ன மனிதனுக்குமேல் பெரிய உலகம் நிமிர்ந்து நிற்பது நன்றாகத் தெரிகிறது. திரை 3 மீட்டர் அகலமென்றால் படம் 162 செ.மீ. உயரம் வரும். சாதாரண புரொஜெக்டரின் சட்டம் அதே அகலத்துக்கு 169 செ.மீ. உயரம் என்பதால் மேலும் கீழும் 3 செ.மீ. சொச்சம் கறுப்பு இருக்கும். ‘படம் வெட்டுப்பட்டிருக்கு’ என்று யாராவது ரிமோட்டை எடுத்துப் பெரிதாக்குவார்கள். விடாதீர்கள், ஓரத்தில் ஓடும் எறும்புகள் போய்விடும்.

திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டராவது இருக்கட்டும். தாழ்ந்தால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். ஒற்றை வேட்டி கட்டினால் வெளிச்சம் பின்னால் போய்விடும். இரண்டு மடிப்பாகத் தைத்து, நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டரின் எறிவிகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்று கையேட்டில் இருந்தால், 3 மீட்டர் திரைக்கு 4.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பாய் போட்டு உட்காரும் பிள்ளைகள் திரையிலிருந்து 3 மீட்டருக்குக் கிட்டே போகாமல் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள்.

ஒலியில் வழக்கமாக வரும் கோளாறு: பாட்டும் இடிச்சத்தமும் முழங்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கருவி 5.1 ஒலியாக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்ப, மண்டபத்தில் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கும். வசனம் நடு ஸ்பீக்கருக்கு உரியது, அது இல்லாததால் காணாமல் போகிறது. கருவியின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் வசனம் இரண்டு பக்கமும் வந்துவிடும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்குமேல் வருமாறு ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரத்தில் வையுங்கள். சோதனைக்கு ஸ்காட்டின் கூட்டாளி லூயிஸ் வேகமாகப் பேசும் இடத்தைப் போட்டு, மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்.

துத்தநாகக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் ஒலியை ஏற்றிப் புண்ணியமில்லை. நிறுத்திவிட்டு, மழை ஓய்ந்ததும் ஐந்து நிமிடம் பின்னுக்கு ஓட்டித் தொடங்குங்கள். மழைக்கிடையில் எடுத்த குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஈசல் வந்தால் என்ன செய்வது?

மழை விட்ட இரவில் வராமல் இருக்காது. ஓர் ஈசல் லென்ஸ் முன்னால் பறந்தால் திரையில் கையகல நிழல் விழும். எறும்புப் படத்தில் இது தனிச் சிக்கல்: ஸ்காட் எறும்புமேல் ஏறிப் பறக்கும்போது உண்மையான இறக்கை நிழலும் சேர்ந்து பறக்க, மண்டபமே கைகொட்டும். அந்தக் கைத்தட்டல் படத்துக்குக் கிடைத்ததல்ல. குறிப்புத் தாளில் ‘ஈ’ என்று போட்டு ஒதுக்குங்கள்.

தடுக்க, படம் தொடங்குவதற்கு அரை மணிக்குமுன் மண்டபத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி ஒரு வெள்ளை விளக்கைத் தாழ்வாகக் கட்டி, அடியில் அகலப் பேசினில் தண்ணீர் வையுங்கள். மண்டப வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். முக்கால்வாசி ஈசல் அங்கேயே விழுந்துவிடும்.

தமிழ்க் குரலில் போடுவதா, இங்கிலீஷில் போடுவதா?

மலேசியத் தியேட்டர்களில் ஹாலிவுட் படங்களுக்கு வழக்கமாக மலாய், சீனம் என்று இரண்டு வரி ஓடும். இளையவர்கள் மலாய் வரியைப் படித்துவிடுவார்கள், தோட்டத்தில் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத பெரியவர்களுக்கு அது உதவாது. உங்களுக்குக் கிடைக்கும் பிரதியில் தமிழ் ஒலி இருந்தால், கூட்டத்தில் பாதிக்குமேல் பெரியவர்கள் என்றால் தமிழிலேயே போடுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஸ்காட்டின் கூட்டாளி லூயிஸ், ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் கேட்டு அதைத் தான் கேட்ட கதையை மூச்சுவிடாமல் சொல்கிறான். அப்போது கதைக்குள் வரும் ஆண், பெண் எல்லாரும் வாயசைக்க, குரல் மட்டும் லூயிஸுடையதாக இருக்கும். நகைச்சுவை முழுக்க அதில்தான். குரல் மாற்றத்தில் ஒரே குரலை வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேட்டுப் பாருங்கள். வேறு வேறு குரல் கொடுத்திருந்தால் அந்த இடம் செத்துவிடும்.

லூயிஸ் பேசும்போது பெரியவர்கள் சிரிக்கவே இல்லை. குறை யாரிடம்?

யாரிடமும் இல்லை. சப்டைட்டில் படிப்பவர் கண் கீழே இருக்கும், வாயசைவு மேலே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. அதனால் முதல் தடவை லூயிஸ் கதை சொல்லும்போது இளையவர்கள் சிரிப்பார்கள், பெரியவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். படத்தின் கடைசியில் மறுபடி ஒரு கதை வரும்போது தந்திரம் பிடிபட்டிருக்கும், பெரியவர்களிடமிருந்தும் சிரிப்பு வரும். இந்த இரண்டு இடத்தையும் தனித்தனியாகக் குறித்தால், கூட்டம் ஒரு படத்தைப் பழகிக்கொள்ளும் விதம் கண்முன்னே தெரியும். எங்கள் கணிப்பில் படத்திலேயே குறிப்பெடுக்க மிகவும் பயனுள்ள இடம் இதுதான்.

பொம்மை ரயில் காட்சிக்கு மட்டும் ஏன் எல்லா வயதும் சேர்ந்து சிரிக்கிறது?

கேஸியின் அறையில் ஸ்காட்டும் கிராஸும் எறும்பளவில் சண்டை போடுகிறார்கள். தாமஸ் என்ற நீல ரயில் பொம்மை பாய்ந்து வருகிறது. கிட்டத்திலிருந்து பார்த்தால் நிஜ ரயில் மோதப்போகிறது: இரைச்சல், புகை, இசை எல்லாம் உச்சத்தில். சட்டென்று கேமரா அறையின் மறுகோடிக்குப் போகிறது. இசை இல்லை. பிளாஸ்டிக் ரயில் ‘டொக்’ என்று கவிழ்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே பொம்மை பெரிதாகி, வீட்டுச் சுவரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் போய் விழுகிறது. அதன் முகத்தில் அசட்டுச் சிரிப்பும் கண்ணுருட்டலும் மாறவில்லை.

சிரிப்பைச் செய்வது அந்த ஒலி வெட்டு. பெரிய சத்தத்திலிருந்து சின்ன ‘டொக்’ வரை விழும் பள்ளம். ஒலியைக் குறைத்து வைத்திருந்தால் பள்ளமும் குறையும், சிரிப்பும் குறையும். இந்தக் காட்சிக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் முதலில் ஒலிபெருக்கியைப் பாருங்கள், கூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்.

எதிர்வினையைக் குறிப்பது எப்படி? படத்தைப் பார்ப்பதா, ஆட்களைப் பார்ப்பதா?

குறிப்பவர்கள் படத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் பார்ப்பது முகங்களை.

நூறு பேருக்கு நாலு குறிப்பாளர் போதும். ஒருவர் முன்பாய்ப் பிள்ளைகளுக்கு, ஒருவர் நடுவரிசைக்கு, ஒருவர் பெண்கள் கூடி உட்காரும் பக்கத்துக்கு, ஒருவர் வாசலோரம் நிற்கும் ஆண்களுக்கு. வாசலோரக் கூட்டத்தை விட்டுவிடுவதுதான் பொதுவான தவறு. பிடிக்காவிட்டால் முதலில் வெளியே போகிறவர்கள் அவர்கள்தான். எந்தக் காட்சியில் ஒரு சிகரெட்டுக்கு வெளியே போனார்கள், எதற்குத் திரும்பி வந்தார்கள் என்பதே ஒரு விமர்சனம்.

தாளில் காட்சிகளை முன்பே வரிசையாக எழுதுங்கள். இந்தப் படத்துக்கு இவை போதும்: ஐஸ்கிரீம் கடை, கேஸியின் பிறந்தநாளும் அசிங்கமான முயல் பொம்மையும், லூயிஸின் முதல் கதை, இரும்புப் பெட்டி திறப்பது, குளியல் தொட்டியில் முதல் சுருக்கம், சாவித்துளைப் பயிற்சி, எறும்புகள் சர்க்கரைக் கட்டி தூக்குவது, ஃபால்கன் என்ற பறக்கும் வீரரோடு சண்டை, ஸ்காட் ஏறிப் பறக்கும் ஆண்டனி எறும்பு சாவது, பொம்மை ரயில், அணுவுக்குள் விழுவது, சாப்பாட்டு மேசைக்கடியில் பெரிய எறும்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 0 முதல் 3 வரை: 0 ஒன்றுமில்லை, 1 அங்கங்கே, 2 பாதிப் பேர், 3 மண்டபம் முழுக்க. பக்கத்தில் ஓர் எழுத்து: சி என்றால் சிரிப்பு, அ என்றால் அமைதி, ப என்றால் பக்கத்திலிருப்பவரிடம் பேச்சு, கை என்றால் கைத்தட்டல். ‘அ’ மூன்றும் ‘0’ம் ஒன்றல்ல. ஆட்டமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ‘அ3’. போனை எடுத்துவிட்டால் அது 0.

கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யலாம். மண்டப நிர்வாகத்திடமும் கூட்டத்திடமும் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளின் முகத்தை மட்டும் வீடியோ எடுக்க வேண்டாம். போனைச் சுவர் ஃபேனுக்குக் கீழே வைத்தால் காற்றுச் சத்தம்தான் பதியும்.

தின்பண்டமும் கணக்கைக் கெடுக்கும். முறுக்கும் கச்சாங் பூத்தேயும் படம் தொடங்கியவுடன் கொடுத்தால் முதல் இருபது நிமிட வசனம் மொறுமொறுவென்று போய்விடும். இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளை எங்கே விடுவது? படத்தில் அப்படி ஓர் இடமே இல்லையே.

நமக்கு இடைவேளை இல்லாமல் சரிப்படாது, தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறிவிடும். பயிற்சிக் காட்சிகளின் நடுவே வெட்டாதீர்கள். அது கோத்துக்கோத்து ஏறும் சிரிப்பு, நடுவில் விட்டால் திரும்ப ஏறாது. ஸ்காட் ஃபால்கனோடு சண்டைபோட்டு வேண்டிய கருவியோடு தப்பிய பிறகு விடுங்கள். பாதியைத் தாண்டியிருக்கும், ஒரு சின்னத் திருட்டு முடிந்து பெரிய திருட்டு தொடங்கவில்லை. தே ஓ குடிக்கும்போது ‘எப்படி உள்ளே போவான்’ என்று ஆண்கள் திட்டம் போடுவதைக் கேட்கலாம். குறிப்பாளர் ஒருவர் தே ஓ தவலை பக்கத்தில் நின்றால் போதும். பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

முந்தைய படங்களைப் பார்க்காதவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். மைக்கில் இப்படி வாசியுங்கள்: “இந்த உலகத்துல அவெஞ்சர்ஸ்னு ஒரு வீரர் கூட்டம் இருக்கு. அதுல ஒருத்தர் ஃபால்கன், இறக்கை கட்டிப் பறப்பாரு. ஹைட்ரான்னு ஒரு கெட்ட கூட்டமும் இருக்கு, ஆயுதம் வாங்க அலையுறவங்க. இவ்வளவு தெரிஞ்சா போதும், மிச்சத்தை ஸ்காட் பார்த்துக்குவான்.” இதற்குமேல் விளக்கினால் பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

படம் முடிந்ததும் ‘பிடிச்சிருந்துச்சா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘நல்லா இருந்துச்சு’ என்றே சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாட்டைக் குறை சொல்லாத ஊர் இது. படம் போட்ட தம்பியின் முகத்துக்கு நேரே யாரும் ‘சுமார்தான்’ என்று சொல்லமாட்டார்கள். அதனால் தீர்ப்புக் கேட்காதீர்கள், காட்சியைக் கேளுங்கள்.

“ஆயா, நாளைக்குப் பக்கத்து வீட்டுல எந்த இடத்தைச் சொல்லிக் காட்டுவீங்க?” “அண்ணே, எந்த இடத்துல எழுந்து போகலாம்னு தோணுச்சு?” “பாப்பா, அந்த உடை உனக்குக் கிடைச்சா முதல்ல எங்க போவ?” இந்த மூன்றும் போதும். கேட்பவர் புரொஜெக்டர் ஓட்டியவராக இருக்கக்கூடாது. விளக்கு போட்ட முதல் பத்து நிமிடத்துக்குள், செருப்பு தேடும்போதே கேட்டுவிட வேண்டும். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள்.

விளக்கை எப்போது போடுவது?

பெயர்கள் ஓட ஆரம்பித்தவுடன் யாராவது சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். தட்டினால் இரண்டு காட்சிகள் போய்விடும். சற்று நேரத்தில் ஹேங்க் தன் மகள் ஹோப்புக்கு ஓர் உடையைக் காட்டுவது ஒன்று. எல்லாப் பெயரும் முடிந்தபின் வருவது இன்னொன்று. முதல் காட்சி அவசியம், அப்பா மகள் கதை அங்கேதான் முடிகிறது. இரண்டாவது அடுத்த படத்துக்கான முன்னோட்டம், அவசரமுள்ளவர்களை விட்டுவிடலாம். சுவிட்சுப் பெட்டிப் பக்கம் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

எறும்பு பற்றிப் படம் சொல்வது நிஜமா? பிள்ளைகள் துளைத்தெடுக்கிறார்கள்.

பாதிக்குமேல் நிஜம். நெருப்பெறும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் தெப்பமாக மிதப்பது உண்மை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் தோட்டா எறும்பின் கொட்டு உலகிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. கிறுக்குத்தனமாக வளைந்து வளைந்து ஓடும் எறும்பினம் மலேசிய வீடுகளிலும் உண்டு; நாம் பிள்ளையார் எறும்பு என்று கொல்லாமல் விடும் கறுப்புச் சிற்றெறும்பு மாதிரி. அந்த வகைக்கு உறவான ஒன்று மின்பெட்டிகளுக்குள் குவிந்து ஷார்ட் ஆக்குவது அமெரிக்காவின் டெக்சஸில் நடந்திருக்கிறது.

ஸ்காட் ஏறிப் பறக்கும் ஆண்டனி தச்ச எறும்பு வகை, நம் கட்டெறும்புக்கு உறவு. அங்கே படம் கொஞ்சம் தளர்கிறது. வேலைக்கார எறும்புக்கு இறக்கை கிடையாது, அவை எல்லாம் பெண்கள். இறக்கை இருப்பது ராணிக்கும் ஆணுக்கும் மட்டும், அதுவும் கூடிப் பறக்கும் காலத்துக்கு.

முசுறு ஏன் படத்தில் இல்லை என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது இதைத்தான். இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவின் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும். செம்பனையில் இலை தின்னும் பைப்புழுவைப் பிடித்துத் தின்னும். நம் எறும்புக்கும் ஒரு வேடம் கொடுத்திருக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வதைக் குறித்து வையுங்கள். படத்தைத் தங்கள் ஊருக்கு இழுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

எடை மாறாது என்கிறார்கள், அப்புறம் ஹேங்க் ஒரு டாங்கியைச் சுருக்கிச் சாவிக்கொத்தில் மாட்டியது எப்படி?

இந்தக் கேள்வியை வாசலோர அண்ணன் ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். அவர் சொல்வது சரி. அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தைக் குறைக்கிறோம் என்பதுதான் படத்தின் விளக்கம். அப்படியானால் எடை அப்படியே இருக்கும், அதனால்தான் எறும்பளவு ஆள் குத்தினால் பெரிய ஆள் பறக்கிறான். 1.8 மீட்டர் ஆள் 1.2 செ.மீ. ஆனால் 150 மடங்கு குறைகிறான், பாதத்தின் பரப்பு 22,500 மடங்கு குறைகிறது. அதே எடை அந்தச் சின்னப் பாதத்தில் நின்றால் தரை துளைந்துவிடும், எறும்பு முதுகு தாங்கவே தாங்காது. ஹேங்க் சாவிக்கொத்தில் வைத்திருந்தது நிஜ டாங்கி என்றால் அவர் கால்சட்டைப்பை கிழிந்திருக்கும்.

படம் தன் விதியைத் தானே மீறுகிறது, மழுப்ப வேண்டாம். ஆனால் அந்த அண்ணன் இதை எப்போது கேட்டார் என்று குறியுங்கள். டாங்கி சுவரை உடைத்து வெளியே வரும்போது கைதட்டிவிட்டு, படம் முடிந்து செருப்பு தேடும்போது கேட்டால், படம் வேலை செய்திருக்கிறது. ஓடும்போதே கேட்டால், எங்கோ பிடி நழுவியிருக்கிறது.

வில்லன் சப்பை என்கிறார்களே?

சப்பைதான். கிராஸுக்கு ஹேங்க்மேல் இருக்கும் மனக்குறை ஒன்றிரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது. திருட்டுப் படத்தில் உண்மையான எதிரி பூட்டு. அது இந்தப் படத்தில் நன்றாக இருக்கிறது. ஹேங்க் வீட்டு இரும்புப் பெட்டியின் பூட்டுக்குள் தண்ணீர் ஊற்றி உறையவைத்துப் பிளப்பதைப் பார்க்கும்போது, பட்டறையில் வேலை செய்யும் ஆட்கள் நாற்காலி நுனிக்கு வருவார்கள். பனிக்கட்டி விரியும், இரும்பு விரியாது: இதற்குச் சப்டைட்டில் தேவையில்லை.

ஆண்டனி எறும்பு செத்தபோது பிள்ளைகள் அழுதார்கள். நகைச்சுவைப் படத்தில் இது குறையா?

நிறை. பேசாத, முகபாவம் இல்லாத ஒரு பூச்சிக்கு ஒரு பேர் வைத்து, நாலு காட்சியில் அதைக் குதிரை மாதிரி பழகவிட்டு, பிறகு ஓர் இறக்கை மட்டும் காற்றில் மிதந்து இறங்குவதைக் காட்டுகிறார்கள். அங்கே ‘அ3’ வராத மண்டபம் குறைவு. அணுவுக்குள் விழும்போது ஸ்காட்டின் காதில் மகளின் குரல் கேட்கும் இடமும் அப்படியே. சிரிப்புக் கணக்கை மட்டும் எழுதினால் இந்தப் படத்தைப் பாதிதான் எழுதியதாகும்.

வெளிநாட்டில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

அமெரிக்காவில் 2015 ஜூலை 17இல் வந்தது; இங்கே அன்றைக்கு ஹரி ராயா. தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணக்கெடுப்பில் ‘ஏ’ கிடைத்தது. உலக வசூல் 500 மில்லியன் டாலரைத் தாண்டியது. மார்வெல் வரிசைப் படங்களில் இது பெரிய வசூல் அல்ல. முதலில் எட்கர் ரைட் இயக்குவதாக இருந்து, 2014இல் விலகியபின் பெய்ட்டன் ரீட் எடுத்தார். ஒரு வாரத்துக்குமுன், ஜூலை 10இல்தான் ‘பாகுபலி’ முதல் பாகம் வந்திருந்தது. பிரமாண்டச் சிலையைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்த கண்ணுக்கு, எறும்புமேல் ஏறும் ஆள் சின்னதாகத்தான் தெரிந்திருப்பான். இன்று தனியாகப் போட்டுப் பார்ப்பது இந்தப் படத்துக்கு நல்லது.

எல்லாவற்றையும் எப்படி எழுதி முடிப்பது?

‘மக்கள் பெரிதும் ரசித்தனர்’ என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. ‘பொம்மை ரயில் கவிழ்ந்தபோது நாலு பகுதியிலும் 3, ஐஸ்கிரீம் கடையில் பிள்ளைகள் சி2, பெண்கள் பக்கம் அ2’ என்று எழுதினால், அடுத்த முறை படம் தேர்ந்தெடுப்பவருக்கு உதவும். எத்தனை பேர் வந்தார்கள், மழையா, எந்த மொழி, இடைவேளை எங்கே என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், ‘அறுபது வயதுக்குமேல், பால்வெட்டு வேலை செய்தவர்’ என்பது போதும்.

ஏழு நாள் கழித்து, பிள்ளைகளில் பத்துப் பேரிடமாவது ஒரே கேள்வி கேளுங்கள்: “அந்தப் படத்துல எது ஞாபகம் இருக்கு?” வரும் பதிலையும் அன்றைய தாள்களோடு சேர்த்துப் பின் அடித்து, மண்டப அலமாரியில் வையுங்கள். ஈரம் ஏறாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட மறக்க வேண்டாம்.